ஊவாத் தோட்டங்களும் பிறர்க்கான மன்றாட்டும்

ஒருவன் தன் பொருட்டு இறைவனை இரந்து நிற்பது எல்லாச் சமயங்களிலும் காணப்படும் வழக்கமாகும். பிறனொருவன் பொருட்டு, அதிலும் தன் கூட்டத்தை விட்டு விலகிப் போய்விட்ட ஒருவன் பொருட்டு இரந்து நிற்பது அதனினும் அரிய செயல். கிறித்தவ மரபு இதனைத் தனிமனிதரின் நற்பண்பாக மாத்திரம் கருதாது, திருச்சபையின் கடமைகளுள் ஒன்றாகவே வகுத்துள்ளது. ஆயினும் விலகியவர் யார், அவர் ஏன் விலகினார், அவரை மீட்பது என்றால் யாது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையை அளித்து வந்திருக்கின்றது. பதுளையிலிருந்து பசறை வழியாக மலையேறிச் செல்லும் மடுல்சீமையும் அதனையொத்த ஊவாத் தோட்டப் பகுதிகளும் இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற களங்களாகும். ஏனெனில் இங்கு விலகியோர் எனப்பட்டோருட் பலர் நம்பிக்கையை வெறுத்து நீங்கியவரல்லர். தூரமும் கடனும் சட்டமும் அவர்களைச் சபையினின்றும் பிரித்தன. இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாது மலையகக் கிறித்தவத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது.

பிறர்க்காக மன்றாடும் மரபின் வேர்கள் விவிலியத்திற் காணப்படுகின்றன. சோதோம் நகருக்காக ஆபிரகாம் இறைவனோடு வழக்காடுகின்றார். பொற்கன்றை வணங்கிய மக்களை மன்னிக்கும்படி மோசே வேண்டும்போது, மன்னியாவிடின் தம் பெயரையும் நூலினின்று அழித்துவிடுமாறு கேட்கின்றார். தம்மைக் குற்றஞ்சாட்டிய நண்பர்களுக்காக யோபு விண்ணப்பிக்கின்றார். பேதுரு தம்மை மறுதலிக்கப் போவதை முன்னரே அறிந்த இயேசு, அவருடைய விசுவாசம் அற்றுப்போகாதபடி வேண்டிக்கொண்டதாக லூக்கா எழுதுகின்றார். யாக்கோபின் நிருபம், ஒருவருக்காக ஒருவர் மன்றாடுதலையும் வழிதப்பியவனைத் திருப்பிக் கொணர்தலையும் ஒரே அதிகாரத்தில் இணைத்து முடிகின்றது. தவறியவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்துமாறு கலாத்தியருக்குப் பணிக்கும் பவுல், சீர்ப்படுத்துவோன் தானும் சோதனைக்குட்படாதபடி தன்னை நோக்கிக்கொள்ளவேண்டுமென்று எச்சரிக்கின்றார். இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து இரு கருத்துகள் புலனாகின்றன. மன்றாடுவோன் தவறியவனுக்கு மேலே நிற்பவனல்லன். அவனுடைய பங்கிலே தானும் கைவைப்பவன். அன்றியும், மன்றாட்டு சொல்லளவில் முடிவதன்று. தேடிச் செல்லுதலும் அதனுள் அடங்கும்.

திருச்சபை இக்கருத்துகளை முதன்முதலிற் பெருமளவிற் சோதித்துப் பார்க்க நேர்ந்தது கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலாகும். 250ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் தேசியஸ், குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுப் பத்திரம் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டான். அச்சத்தாற் பலியிட்டவரும், பலியிடாமலே பணங்கொடுத்துப் பத்திரம் வாங்கியவரும் பலராயினர். கலகம் ஓய்ந்தபின் இவர்கள் சபைக்குத் திரும்ப விழைந்தபோது அவர்களை ஏற்பதா தள்ளுவதா என்னும் பிணக்கு எழுந்தது. நம்பிக்கைக்காகச் சிறைப்பட்டிருந்தோர், வழுவியோரை ஏற்றுக்கொள்ளுமாறு பரிந்துரைக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தனர். உரோமையில் நொவாத்தியன் என்பவர் அவர்களை ஒருபோதும் ஏற்கலாகாதென்றார். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் தலைமையில் 251இற் கூடிய சங்கம் நடுவழியொன்றைக் கண்டது. பலியிட்டவரையும் பத்திரம் வாங்கியவரையும் ஒன்றாகக் கருதாது, ஒவ்வொருவரும் எச்சூழ்நிலையில் வழுவினார் என்பதை ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டுமென்பதே அவ்வழியாகும். வழுவியவனைத் தீர்ப்பிடுமுன் அவன் வழுவிய சூழலை விசாரித்தறிய வேண்டுமென்ற இந்நெறி பிற்காலத்தார் மறத்தலாகாத ஒன்றாகும்.

இலங்கையில் இதே நெறி வேறொரு வடிவிற் செயற்பட்டது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பின்னர் கத்தோலிக்க குருமாருக்கு நாட்டில் இடமில்லாது போயிற்று. ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்த சபையின் பதிவிற்குட்பட்டமையால், மக்கள் வெளியே சீர்திருத்த சபையாராகவும் வீட்டினுள்ளே கத்தோலிக்கராகவும் வாழ்ந்தனர். கோவாவைச் சேர்ந்த யோசேவ்வாஸ் அடிகளார் 1687இல் எளிய கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இத்தகைய மக்களையே கண்டார். கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சையேற்று, அம்மாலையைக் கண்டு முகமாறியோரைக் கொண்டு கத்தோலிக்கர் இன்னாரென அறிந்தாரென்பது அவர்தம் வரலாற்றிற் கூறப்படும் செய்தி. சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. 1692இற் கண்டி இராச்சியத்தினுட் புகுந்து, ஒற்றரெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். 1697இல் வைசூரி பரவியபோது சமய வேறுபாடு பாராது நோயாளரைப் பேணினார். 1711 சனவரி 16இற் கண்டியில் மறைந்த அவர், 2015 சனவரி 14இற் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பட்டார். வழுவியோர் தம்மைத் தேடி வரட்டும் என அவர் காத்திருக்கவில்லை என்பதே ஈண்டு நோக்கற்பாலது. அவர்தம் மன்றாட்டும் நடையும் பிரிக்கமுடியாதவாறு பிணைந்திருந்தன.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமான பின் மலைநாட்டின் முகம் மாறிற்று. கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலைசெய்யத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் கங்காணிமார் மூலம் கொணரப்பட்டனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுட் பலர் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். உயிர்தப்பியோருட் சிலர் மேலும் கிழக்கே நடந்து ஊவா மலைகளை அடைந்தனர். அவர்களிடையே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கிறித்தவக் குடும்பங்களும் இருந்தன. ஊரில் ஆலயமும் பள்ளிக்கூடமும் உபதேசியாரும் அண்மையிலே கொண்டிருந்த அக்குடும்பங்கள் மலையில் லயத்தின் ஓரறையில் தனித்து விடப்பட்டன. ஞாயிறு என்னும் நாள் அவர்களுக்கு எஞ்சியிருந்ததாயினும், அந்நாளிற் சென்று சேர்வதற்கு ஓர் ஆலயம் எட்டும் தூரத்தில் இருக்கவில்லை. பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் றொஜர்ஸ் என்னும் அரசாங்க அதிகாரியின் நினைவாக 1857இல் எழுந்தது. ஆனால் மடுல்சீமை மலைகளில் உழைத்தவனுக்குப் பதுளைக்குப் போய்த் திரும்புவது ஒரு நாட்கூலியை இழக்கும் காரியமாகும்.

இந்நிலையில் 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்புக் கண்டியில் உருவாயிற்று. அப்பெயரே அக்காலத்தார் உழைப்பாளரை நோக்கிய நோக்கினைக் காட்டிவிடுகின்றது. இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிச் சங்கமும் தோட்டத்துரைமார் சிலரும் சேர்ந்து இதனை நடத்தினர். திருநெல்வேலியிற் பணிபுரிந்த செப்திமஸ் ஹொப்ஸ் என்னும் குருவானவர் இதன் பொறுப்பை ஏற்றார். அவரினும் முக்கியமானவர்கள் திருநெல்வேலிச் சபையிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார் ஆவர். விடியற்காலை பிரட்டுக்களத்திலும் மாலையில் லயத்து வாசல்களிலும் இவர்கள் மக்களைச் சந்தித்தனர். புதியோரைச் சேர்த்தல் இவர்தம் நோக்கங்களுள் ஒன்றாயினும், முன்னரே ஞானஸ்நானம் பெற்றுச் சிதறிக் கிடந்தோரைத் தேடிக் காணுதலும் அதற்கு இணையான பணியாயிற்று. ஒரே ஊரின் பேச்சும் ஒரே ஆற்றங்கரையின் நினைவும் உபதேசியாருக்கும் தொழிலாளிக்கும் பொதுவாயிருந்தமையால், 'நீ எந்த ஊர்ச் சபை?' என்னும் ஒரு வினாவே பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கதவைத் திறக்கப் போதியதாயிருந்திருக்கும்.

எனினும் தேடிக் கண்டவரைத் தக்கவைத்தல் எளிதாயிருக்கவில்லை. மடுல்சீமையின் வரலாறே இதற்குத் தக்க சான்று. உலகக் கோப்பிப் பயிர்ச்செய்கையின் போக்கையே மாற்றிய இலைநோய், இலங்கையில் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இம்மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலேயாகும். அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பி ஏறக்குறைய அழிந்து தேயிலைக்கு இடங்கொடுத்தது. இடைப்பட்ட காலத்திற் தோட்டங்கள் கைவிடப்பட்டன, சம்பளங்கள் நிலுவையாயின, தொழிலாளர் ஊருக்குத் திரும்பினர், அல்லது வேறு மலைகளுக்குப் பெயர்ந்தனர். மிகுந்த பாடுபட்டுக் கூட்டிய சிறு சபையொன்று இத்தகைய பெயர்ச்சியால் ஓராண்டிற்குள் இல்லாது போகக்கூடும். ஆகவே அக்காலத்துச் சபைக் கணக்கிற் குறைந்த பெயர்களையெல்லாம் விசுவாசம் குறைந்ததன் அடையாளமாகக் கொள்வது வரலாற்றுத் தவறாகும். அவற்றுட் பல, ஓர் இலையின் அடியிற் படிந்த மஞ்சட் பூஞ்சணத்தால் இடம்பெயர்ந்தோரின் பெயர்கள்.

தோட்டத்தினுள்ளும் தடைகள் இருந்தன. கங்காணியிடம் பட்ட முற்பணக் கடன் தொழிலாளியைப் பிணித்தது. ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்குச் செல்வோர் கடன்விவரம் குறித்த 'துண்டு' ஒன்றைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு சபையினின்று மற்றொரு சபைக்குச் செல்லும் கிறித்தவன் அறிமுகக் கடிதம் கொண்டுசெல்லும் வழக்கமும் உண்டு. முன்னையது அவன் எவ்வளவு கடன்பட்டான் என்று கூறிற்று. பின்னையது அவன் யாவன் என்று கூறிற்று. தோட்டத்தில் வலுவுடையதாயிருந்தது முன்னைய தாளே. மிஷனுக்குப் பணம் வழங்கிய துரைமாரே அத்துண்டு முறையாலும் பயனடைந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. லயத்து மக்களுக்காக மன்றாடியோர் அம்மக்களைப் பிணித்த கடனைக் கேள்விக்குட்படுத்தாதவிடத்து, அம்மன்றாட்டு அரைவழியிலேயே நின்றுவிட்டது எனலாம். 1876இற் கொழும்பு ஆயர் ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டனுக்கும் மிஷனரிமாருக்குமிடையே எழுந்த அதிகாரப் பிணக்கிலும் இம்மிஷன் சிக்கிக்கொண்டது. மந்தையை மேய்க்கும் உரிமை யாருடையதென மேய்ப்பர் வாதிட்டிருந்த காலத்திலும் மந்தை மலைகளிற் சிதறியே கிடந்தது.

மற்றுமொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா லயத்தார் அனைவரையும் ஒருங்குகூட்டும் விழாவாகும். சாவு, வாழ்வு, நோய் என்னும் எல்லாவற்றிலும் அயல்வீட்டாரின் துணையையே நம்பியிருந்த கிறித்தவக் குடும்பமொன்று அவ்விழாவிற் பங்குகொண்டால், அதனை உடனே விசுவாசத் துரோகமென எழுதிவிடுதல் தூரத்திலிருப்போர்க்கு எளிது. சிப்பிரியான் காலத்துச் சங்கம் கைக்கொண்ட நிதானம் இங்கும் வேண்டப்படுவதாகும்.

இருபதாம் நூற்றாண்டிற் பிரிவு புதிய உருவெடுத்தது. 1924இற் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தமையால் தூரம் ஓரளவு சுருங்கிற்று. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவும் 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் வழிவகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே குடும்பத்தில் மூத்தவன் ஒரு நாட்டுக்கும் இளையவன் மற்றொரு நாட்டுக்கும் உரியவனான கொடுமையும் நிகழ்ந்தது. தலைமன்னாரில் கப்பலேறியோர் நீலகிரியிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் குடியேறினர். பிறந்த மண்ணினின்று பெயர்க்கப்பட்ட இவர்கள் சென்றடைந்த இடத்திலும் அயலாராகவே கருதப்பட்டனர். இத்தகைய காலத்தில் ஒரு தோட்டச் சபை இல்லாதவர்களை நினைந்து வேண்டுவது சடங்கன்று. அரசின் ஏடுகள் கைவிட்ட பெயரை ஒரு கூட்டம் வாய்விட்டுச் சொல்லித் தன்னுடையதென அறிவிக்கும் செயலாக அது அமைகின்றது.

ஏறத்தாழ இதே காலத்திற் கத்தோலிக்க வழிபாட்டிலும் மாற்றம் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த பொது மன்றாட்டைத் திருப்பலியில் மீண்டும் இடம்பெறச் செய்தது. தாய்மொழி வழிபாட்டிற்கும் வழிதிறந்தது. இதனால் தோட்டத்துத் தொழிலாளி தன் சொந்தத் தமிழிலேயே பிறர்க்காக வேண்டும் வாய்ப்பைப் பெற்றான். 1972இற் கண்டி மறைமாவட்டத்தினின்று பிரித்துப் பதுளை மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணாயக்கார ஆண்டகை அப்பதவியை விட்டு வசதி குன்றிய பதுளைக்கு முதல் ஆயராக வந்தார். பெரிய மந்தையை விட்டுச் சிதறிய மந்தையை நோக்கி நடந்த மேய்ப்பரின் செயலாக இதனைக் கொள்வது பொருந்தும்.

மேற்காட்டியவற்றை நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகும். சபையினின்று நீங்கியோரை வழிதவறியோர் என ஒரே சொல்லால் அழைத்துவிடுதல் கூடாது. அவர்களுள் தாமே விலகிச் சென்றோரும் உளர். வழி அடைக்கப்பட்டு நின்றுவிட்டோரும் உளர். ஊவாவின் மலைகளிற் பின்னையோரே மிகுதியாயிருந்திருத்தல் வேண்டுமென்பதை அவர்களின் வாழ்க்கை நிலைமைகள் உணர்த்துகின்றன. முன்னையோருக்காக மன்றாடுவோன் அவர்களுடைய மனம் திரும்பவேண்டுமென்று கேட்கலாம். பின்னையோருக்காக மன்றாடுவோன் அடைபட்ட வழியைத் திறப்பதற்குத் தானும் தோள்கொடுக்கக் கடமைப்பட்டவனாவான். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியபோது ஒரு வழி திறந்தது. லயத்து ஓரறையும் போதாத சம்பளமும் இன்னும் அடைத்து நிற்கும் வழிகள் பல. கழுத்தில் மாலையோடு வீடுவீடாகச் சென்ற யோசேவ்வாஸ் அடிகளாரும் கைவிளக்கோடு லயம் லயமாக ஏறியிறங்கிய பெயரறியா உபதேசிமாரும் விட்டுச்சென்ற பாடம், முழந்தாளிட்டவர் எழுந்து நடக்கவும் வேண்டும் என்பதேயாம்.