வியன்னா நகர் தப்பிய வரலாறு



செப்டம்பர் 12-ஆம் நாள் மரியன்னையின் திருப்பெயர் விழா. அந்நாளுக்குப் பின்னால் ஒரு முற்றுகையின் வரலாறு உண்டு என்பதை இம்மலர் வழியாக நினைவூட்ட விழைகிறோம்.

1683-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, துருக்கியப் பேரரசின் முதன்மை அமைச்சர் காரா முஸ்தபா பாஷா பெரும்படையோடு வந்து ஆஸ்திரியத் தலைநகராம் வியன்னாவை வளைத்துக்கொண்டார். பேரரசர் முதலாம் லியோபோல்டு ஒரு வாரத்திற்கு முன்பே நகரைவிட்டு வெளியேறியிருந்தார். தளபதி ஸ்டார்ஹெம்பர்கிடம் எஞ்சியிருந்தோர், ஆயுதம் ஏந்திய குடிமக்களையும் சேர்த்து, முற்றுகையிட்டோரைவிட மிகக் குறைவானவரே.

மதிலைத் தகர்க்கும் கனத்த பீரங்கிகள் துருக்கியரிடம் போதுமான அளவு இல்லை. எனவே மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து நிரப்பி அரணைப் பிளந்தனர். உள்ளே சீதபேதி பரவியது. நகரத் தலைவர் லீபன்பெர்க், மீட்புக்குச் சில நாள் முன்னதாக நோயால் மாண்டார். ஆயர் கொல்லோனிச் நகரைவிட்டு அகலாமல் காயமுற்றோரையும் நோயுற்றோரையும் பேணினார்.

செப்டம்பர் 12 காலை, நகருக்கருகே மலைமேல் கப்புச்சின் துறவி மார்க்கோ தவியானோ திருப்பலி நிறைவேற்றினார். அம்மலைப் பக்கத்தை காரா முஸ்தபா அரண் செய்யாது விட்டிருந்தார். போலந்து மன்னர் யான் சோபியெஸ்கியும் லொரேன் கோமகன் சார்லசும் ஏறத்தாழ 70,000 வீரரோடு அவ்வழியே இறங்கினர். மாலைக்குள் முற்றுகை முறிந்தது. நன்றியறிதலாகத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட், திருப்பெயர் விழாவைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார்.

இதைச் சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போர் என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. துருக்கியர் பக்கம் ஹங்கேரியக் கிறிஸ்தவர் நின்றனர். கத்தோலிக்கரான பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி உதவிக்கு வரவில்லை. மீட்க வந்தோரிலோ சாக்சனி நாட்டு லுத்தரன் சபையினரும் இருந்தனர். ஆகவே பிற சமயத்தாரை இகழ இவ்வரலாற்றை நாம் கையாளலாகாது.

கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி, 1711-இல் புனித ஸ்தேவான் பேராலயத்திற்குப் பெருமணி வார்த்தார்கள். 1945-இல் தீயில் அது விழுந்து நொறுங்கியது. அந்த உலோகத்தைக் கொண்டே 1951-இல் மீண்டும் வார்த்தார்கள். கொல்லப் பிறந்த வெண்கலமும் செபத்திற்கு அழைக்கும் குரலாகலாம் என்றால், நம் மனக்கசப்புகளும் அவ்வாறே மாறலாம் அன்றோ? நம் ஆலய மணி ஒலிக்கும்போதெல்லாம், துன்பத்தில் மக்களைவிட்டு அகலாதிருந்த அந்த ஆயரை நினைவுகூர்வோம். நாமும் ஒருவரையொருவர் விட்டு அகலாதிருப்போமாக.