சுருட்டின் வயது: இரண்டு அகராதிகள்

திண்டுக்கல் நாகல் நகரின் சௌராஷ்டிர நெசவுக் குடும்பம் ஒன்றின் கதையை, 1880களில் நடப்பதாக, ஆங்கிலத்தில் எழுத ஒருவர் உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கதையில் ஒரு வெள்ளைக்காரத் துரை வருகிறார். அவர் வாயில் எந்தச் சொல்லை வைப்பது? அந்தச் சொல் அப்போது புழக்கத்தில் இருந்ததா? இதற்குக் கைகொடுப்பவை இரண்டு நூல்கள். ஒன்று, ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’. மற்றொன்று, ஜேம்ஸ் மர்ரே முன்னின்று நடத்த, 1884 முதல் பகுதி பகுதியாக வந்து 1928இல் முடிந்த ஆக்ஸ்போர்டு அகராதி.

இரண்டுமே ஆண்டு குறித்து மேற்கோள் தருபவை. ஆக்ஸ்போர்டுக்குப் பல ஊர்களிலிருந்தும் தன்னார்வலர்கள் நூல்களைப் படித்துத் துண்டுச் சீட்டுகளில் மேற்கோள் எழுதி அனுப்பினார்கள். ஆகவே அச்சேறியது அதற்கு நன்றாகத் தெரியும். ஹாப்சன்-ஜாப்சனிலோ படிப்போடு காதும் வேலை செய்திருக்கிறது. யூல் வங்காளப் படையின் பொறியாளர். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் அச்சாகுமுன், 1882இலேயே இறந்துவிட்டார். முஹர்ரம் ஊர்வலத்தின் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற முழக்கம் ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் திரிந்ததுதான் நூலின் பெயரே.

நம் ஊர்ச் சரக்கான சுருட்டை எடுத்துக்கொள்வோம். ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழ்ச் சுருட்டிலிருந்து போனது என்று ஹாப்சன்-ஜாப்சன் சொல்கிறது. தங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய ஆட்சியாக ஆசிரியர்கள் காட்டுவது, சுமார் 1725இல் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை. ஓர் ஆங்கிலச் சொல்லின் பழமைக்குத் தமிழ் உரைநடை சாட்சி சொல்கிறது! இப்படி ஒரு சாட்சியைப் பிடிக்க ஒரு பர்னல் வேண்டும். 1903இல் வில்லியம் குரூக் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, ஆக்ஸ்போர்டு அகராதி 1669ஆம் ஆண்டு மேற்கோளையே தருகிறது என்று பகர அடைப்புக்குள் சேர்த்தார். சொல்லின் வயது ஒரே வரியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கூடியது. ஆண்டு வேண்டுமென்றால் ஆக்ஸ்போர்டைத்தான் நம்ப வேண்டும்.

ஆனால் துரைகள் செல்லமாக என்ன சொன்னார்கள்? திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ‘ட்ரிச்சி’, கோதாவரிச் சுருட்டு ‘லங்கா’ என்கிறது ஹாப்சன்-ஜாப்சன். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் துப்பாகக் கிடைப்பது ட்ரிச்சினோபொலிச் சுருட்டின் சாம்பல்தான். அந்தச் சுருட்டுக்குப் போன புகையிலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்தில் விளைந்தது. பெயர் மட்டும் திருச்சிக்குப் போய்விட்டது.

கொச்சைக்கும் கேலிப் பெயருக்கும் ஹாப்சன்-ஜாப்சனே பெரிய களஞ்சியம். மிளகுத்தண்ணீரிலிருந்து வந்த ‘மல்’ சென்னை மாகாண வெள்ளை அதிகாரிகளுக்குப் பட்டப்பெயர், பம்பாய்க்காரர்கள் ‘டக்’. சென்னை மாகாணத்தையே ‘இருளில் கிடப்பது’ என்று மற்ற மாகாணத்தார் நையாண்டி செய்ததும் பதிவாகியிருக்கிறது. நாம் காலையில் கேட்கும் டிபன்கூட ஆங்கிலக் கொச்சையில் பிறந்ததே என்று கருதும் ஆசிரியர்கள், 1785இல் கொச்சைமொழி அகராதி வெளியிட்ட பிரான்சிஸ் குரோஸைத் துணைக்கு அழைக்கிறார்கள். இங்கிலாந்தில் மங்கிப்போன சொல் நம் ஓட்டல் பலகையில் உயிரோடு இருக்கிறது.

எச்சரிக்கை இரண்டுக்கும் வேண்டும். கொச்சை வாயில் பிறந்து வெகுநாள் கழித்தே அச்சேறும். ஆக்ஸ்போர்டின் முதல் ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் கொள்ளக் கூடாது. ஹாப்சன்-ஜாப்சனில் 1886க்குள் வழக்கொழிந்த போர்ச்சுகீசியர் காலச் சொற்களும் கலந்து கிடக்கின்றன. கடைசி மேற்கோளின் ஆண்டைப் பார்க்காமல் எடுத்தாளக் கூடாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று சென்னை வேலைக்காரர்களின் ஆங்கிலத்தை, அதன் வினைமுற்று வரைக்கும், ஹாப்சன்-ஜாப்சன் விவரிக்கிறது. துரை எப்படிக் கேட்டாரோ அப்படித்தான் அது நமக்குக் கிடைக்கிறது. நெசவாளர் நிலையும் அதுவே. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் குலங்கள் பற்றிய தொகுதிகளில் சௌராஷ்டிரர்கள் ‘பட்டுநூல்காரர்’ என்ற பெயரில் இருக்கிறார்கள். துரை அவர்களைச் சுட்டும் வசனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். தறிக்குழியில் இருப்பவர் தம் வீட்டாரிடம் பேசுவதற்கு, உச்சிதா நோரிஹிகோ 1990இல் வெளியிட்ட சௌராஷ்டிர-ஆங்கில அகராதியை எடுத்துக்கொண்டு, நாகல் நகரின் வயதான நெசவாளர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.