கட்டை குறையக் குறைய: ஓமன்ஸ் ஆட்டவிதிகளுக்கு ஓர் உரை

'எல்டர் சைன்' பகடை உருட்டி ஆடும் திகில் ஆட்டம். ரிச்சர்ட் லௌனியஸ், கெவின் வில்சன் இருவரும் அமைத்தது. ஃபேன்டசி ஃப்ளைட் நிறுவனம் 2011இல் பெட்டியாக வெளியிட்டது. அதன் மின்வடிவம் 'எல்டர் சைன்: ஓமன்ஸ்' முதலில் கைபேசிக்கும் பிறகு கணினிக்கும் வந்தது. கதைக்களம் 1926ஆம் ஆண்டு, ஆர்க்கம் என்ற கற்பனை ஊரின் அருங்காட்சியகம். அதே 1926இல்தான் கிழக்கிலங்கையில் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் மதங்க சூளாமணி வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ்க் கண்ணால் பார்த்த நூல் அது. அந்தத் துணிவில் நானும் இந்த ஆட்டத்தின் விதிகளை என் சொற்களில் ஐந்து நூற்பாக்களாக்கி உரை எழுதுகிறேன்.

1. ஆடுவோர் பலர், எதிரி ஒன்றே, வெற்றியும் தோல்வியும் எல்லார்க்கும் பொது.

தாயத்தில் அடுத்தவன் காயை வெட்டுவதே இன்பம். இங்கே வெட்டு இல்லை. உறங்கும் பழந்தெய்வம் ஒன்று விழிக்குமுன், 'எல்டர் சைன்' எனப்படும் முத்திரைகளைச் சேர்த்து அதை அடைக்க வேண்டும். 'பொது' என்ற சொல்லே இந்த நூற்பாவின் உயிர். பெட்டி ஆட்டத்தில் எட்டுப் பேர் வரை அமரலாம். கணினியிலோ ஆட்டப் பாத்திரங்களான நான்கு துப்பறிவோரையும் ஒரே ஆள் நடத்துகிறார். கூடி ஆடுவதற்காகப் பிறந்த ஆட்டம் தனியாளிடம் போய்ச் சேர்ந்தது எனக்குக் குறையாகவே படுகிறது. அதைத் தீர்க்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

2. கையில் ஆறு பச்சை. மஞ்சளும் சிவப்பும் தேடிப் பெறுக.

பச்சைப் பகடைக் கட்டையின் ஆறு முகங்கள்: ஆராய்ச்சிக் குறி ஒன்று, இரண்டு, மூன்று, ஓலைச்சுருள், மண்டையோடு, திகிலைக் குறிக்கும் உணர்கொம்பு. மஞ்சளில் உணர்கொம்பு கிடையாது, அந்த இடத்தில் ஆராய்ச்சி நான்கு. சிவப்பில் எந்தக் குறியாகவும் கொள்ளத்தக்க முகம் ஒன்று உண்டு. மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் சேகரித்த பொருள்களைச் செலவிட்டால்தான் கிடைக்கும்.

3. எறிந்தும் பணி நிறைவேறாவிடில் ஒன்றை இழ, ஒன்றைப் பிடித்து வை, மீதியை எறி.

முழு ஆட்டமும் இந்த ஒரு நூற்பாவுக்குள் இருக்கிறது. ஓர் அறையின் சீட்டில் சில பணிகள் இருக்கும். ஒவ்வொரு பணியும் இன்னின்ன குறிகள் வேண்டும் என்று கேட்கும். ஒரு வீச்சில் ஒரு பணியைத்தான் முடிக்கலாம். முடித்தாலும் அதற்குக் கொடுத்த கட்டைகள் திரும்பாது. முடிக்காவிட்டால் ஒரு கட்டை வெறுமனே போகும்.

கணக்குப் பாருங்கள். ஆறு பச்சையை எறிந்தால் ஒரு மண்டையோடாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 67. நான்கானால் 52, இரண்டானால் 31. ஒரே வீச்சில் மண்டையோடும் உணர்கொம்பும் சேர்ந்து வேண்டுமென்றால் ஆறு கட்டைக்கு 42, ஐந்துக்கு 33, நான்குக்கு 23. திரையின் பயங்கரப் படங்கள் எங்கள் வீட்டில் யாரையும் பயமுறுத்தியதில்லை. ஆனால் மூன்று கட்டை மிஞ்சிய வீச்சில் அறையே மூச்சை அடக்கிக்கொள்ளும். இந்த ஆட்டத்தில் பயம் என்பது குறைந்துகொண்டு போகும் எண்ணிக்கைதான்.

புதிதாக ஆடுகிறவர்கள் எளிய பணியை முதலில் முடித்துவிடுகிறார்கள். அது தவறு. பணிகளின் வரிசையைச் சீட்டே வற்புறுத்தாவிட்டால், கட்டை நிறைய இருக்கும்போதே கடினமான பணியைத் தொட வேண்டும்.

'பிடித்து வை' என்பதற்கும் உரை வேண்டும். விழுந்தவற்றில் பயன்படும் ஒன்றை மீண்டும் எறியாமல் காக்கலாம். பெட்டி ஆட்டத்தில் அதே அறையில் நிற்கும் தோழனும் உங்களுக்காக இன்னொன்றைப் பிடித்து வைக்கலாம். துணை நிற்பது இங்கே அறிவுரையாக இல்லாமல், எண்ணக்கூடிய ஒரு கட்டையாகவே கையில் வருகிறது. சாய்ந்தமருதுவிலிருந்து வரும் நண்பன், எதைப் பிடிப்பது என்று தயங்கும் நேரம் திரையைக் காட்டிக் கத்துவான்: "எறியாத மச்சான், அந்த மண்டையோட்டப் புடிச்சு வை!" பெரும்பாலும் அவன் சொல்வதே சரியாக இருக்கும்.

4. நள்ளிரவில் கேடு வரும்.

ஆட்டக் கடிகாரத்தில் ஒரு முறைக்கு மூன்று மணி நேரம் போகும். நான்கு முறையில் முள் பன்னிரண்டைத் தொடும். புதிய தீங்கு ஒன்று சீட்டாக விழும். மேசையில் இந்த முள்ளை நாமே நகர்த்த வேண்டும், கணினி தானே நகர்த்திவிடுகிறது. மறதிக்கு இடமில்லாமல் போனது நல்லதே.

5. அழிவுப் பாதை நிறையுமுன் முத்திரை சேர்.

அழிவுப் பாதை என்பது தீங்குகளால் கட்டம் கட்டமாக நிரம்பும் வரிசை. அது நிறைந்தால் தெய்வம் விழிக்கும். அசதோத் என்ற தெய்வமானால் கடைசிப் போர்கூடக் கிடையாது, அந்த நொடியே எல்லாம் முடிந்தது.

இந்தத் தெய்வங்கள் அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டின் கதை மரபிலிருந்து வந்தவை. கடலடியில் உறங்கும் க்துலு 1928இல் வெளியான அவர் கதையில் எழுந்தது. அந்தக் கதையில் தீய வழிபாட்டுக்காரர்களாக அவர் நிறுத்தியது கலப்பினக் கடலோடிகளையும் தூரதேசத்து மக்களையும்தான். நம்மைப் போன்றவர்களைக் கண்டு அவர் கொண்ட அச்சம் அது. அதை ஒதுக்கிவிட்டே நான் ஆடுகிறேன், வாசகரும் ஒதுக்க வேண்டும். ஆனால் கடல் எழுந்து வரும் என்ற எண்ணத்தை எங்களால் ஒதுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஆழிப்பேரலையாக எங்கள் ஊருக்குள் வந்தது. எங்கள் அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அழிவுப் பாதையில் கடைசிக் கட்டம் மட்டும் மிஞ்சும்போது என் தங்கச்சி எழுந்து வெளியே போய்விடுவாள். யாரும் அவளைக் கேலி செய்வதில்லை.

முதல் நூற்பாவில் சொன்ன குறைக்கு வருகிறேன். நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு துப்பறிவாளர். யாருடைய முறையோ அவர் கையில் மவுஸ் இருக்கும், மற்ற மூவரும் வாய்விட்டுச் சொல்லலாம், தொடக்கூடாது. இப்படி ஆடினால், பெட்டியிலிருந்து கணினிக்கு வந்ததில் ஆட்டம் இழந்தது திரும்ப வருகிறது. தனியாக ஆடுகிறவர்கள் இன்றிரவே பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு மவுஸைக் கைமாற்றிப் பாருங்கள்.