நிபா பிறந்தது பன்றிக் கொட்டகையில்

1998 செப்டம்பர் வாக்கில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணை ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். முதலில் தலைவலி, பிறகு பிதற்றல், சில நாளில் நினைவே தப்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டிய அரசு கொசுப்புகை அடித்தது, தடுப்பூசியும் போட்டது. ஊசி போட்டவர்களும் இறந்தார்கள்.

சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும். அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய பெரிய ஆண்கள். கொசு எல்லாரையும்தானே கடிக்கும்? பன்றிகளுக்கும் மூச்சிரைப்பு, ஒரு மைலுக்குக் கேட்கும் என்று சொல்லப்பட்ட இருமல். அந்தப் பன்றிகள் லாரியேறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் கூடவே போனது.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். மாதிரி வந்த கிராமம் சுங்கை நிப்பா. அந்தப் பெயரே வைரஸுக்கு ஒட்டிக்கொண்டது. நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் நோய் கண்ட 265 பேரில் 105 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? கொட்டகையை ஒட்டியே மாமரம் வைத்திருந்தார்கள், உபரி வருமானத்துக்கு. இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து கடித்துப் போட்ட பழம் எச்சிலோடு கொட்டகைக்குள் விழுந்தது. பன்றி தின்றது. வௌவாலுக்கு அந்த வைரஸால் ஒன்றும் ஆவதில்லை. அதன் மேல் பழிபோடுவதும் சரியில்லை. மரத்தையும் கொட்டகையையும் சேர்த்து வைத்தது மனிதன்தான்.

வங்கதேசத்தில் பன்றி தேவைப்படவில்லை. இரவில் ஈச்சமரத்தில் கட்டும் கலயத்துப் பதநீரில் வௌவால் வாய்வைத்தது, அதைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. 2018இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் தொடங்கி, நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றிப் பரவிய நோயில் 17 பேர் இறந்தார்கள். பணிவிடை செய்த நர்ஸ் லினியும் அதில் ஒருவர். அதன் பிறகும் கேரளத்தில் நிபா பலமுறை தலைகாட்டிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை.

அணில் கடித்த பழம் இனிக்கும் என்று எடுத்துத் தின்பது நம்மூர் வழக்கம். கடித்தது அணிலா வௌவாலா என்று பழத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல் பட்ட பழம் கீழே கிடந்தால் தயவுசெய்து தொடாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.