பாரசீக வாக்கியம் கடந்து வந்த பாதை

"பாரசீகமும் அரபு மொழிதானே, டீச்சர்?" எழுத்தைப் பார்த்துவிட்டு மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நீங்களும் அப்படி நினைத்திருக்கலாம். ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

'மன் அஸ்ப் ரா தீதம்.' மன் என்றால் நான், அஸ்ப் என்றால் குதிரை, ரா என்பது நம் 'ஐ' உருபு மாதிரி, தீதம் என்றால் பார்த்தேன். 'நான் குதிரையைப் பார்த்தேன்' என்று சொல்லுக்குச் சொல் அப்படியே வருகிறது, இல்லையா? 'தீதம்' என்பதில் உள்ள 'அம்' தன்மை ஒருமை விகுதி. அதனால் 'மன்' இல்லாமலும் பொருள் புரியும். அரபு இலக்கிய நடையிலோ வினைதான் பெரும்பாலும் முதலில் வரும்.

இப்போது 'என் குதிரை' என்று சொல்லிப் பாருங்கள். பாரசீகத்தில் 'அஸ்பெ மன்'. குதிரை முன்னால், 'என்' பின்னால். மலாயில் 'குடா சாயா' என்கிறோமே, அதே வரிசை. ஆனால் பாரசீகத்தில் இரண்டையும் 'எ' என்ற ஒலி இணைக்கிறது. இதற்கு 'எஸாஃபே' என்று பெயர். 'ஊ' என்றால் அவனும்தான், அவளும்தான். மலாயின் 'டியா' போல.

இந்த எளிமை ஆரம்பத்திலேயே இருந்ததா? இல்லை. கி.மு. 520 வாக்கில் முதலாம் டாரியஸ் மன்னர் பெஹிஸ்துன் பாறையில் கல்வெட்டு பொறித்தார். அதிலுள்ள பழம்பாரசீகத்தில் ஆண், பெண், அலி என்று மூன்று பால் உண்டு. வேற்றுமை விகுதிகளும் பல. சாசானியர் காலத்துக்குள் (கி.பி. 224–651) அவை பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. விகுதிகள் செய்த வேலையைத் தனிச்சொற்கள் ஏற்றன. 'காரணமாக' என்ற பொருளில் இருந்த 'ராதிய்' என்ற சொல் தேய்ந்து 'ரா' ஆனது. பழைய தொடர்புச்சொல் ஒன்று தேய்ந்து எஸாஃபே ஆனது.

பிறகு அரேபியர் படையெடுப்பு. எழுத்து மாறியது, ஏராளமான அரபுச் சொற்கள் வந்து கலந்தன. ஆனாலும் வினை விகுதியும் வாக்கிய வரிசையும் பாரசீகமாகவே நின்றன. 1010-இல் ஃபிர்தவ்சி 'ஷாநாமா'வை முடித்தபோது, அந்த மொழி காவியம் பாடும் வலிமையோடு இருந்தது.

தேர்வு எழுதும் மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். சொல்வரிசை ஒத்திருப்பதால் பாரசீகம் தமிழுக்கு உறவாகிவிடாது. அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். 'அஸ்ப்' என்பதற்குச் சமஸ்கிருத 'அசுவ'தான் சொந்தம். எழுத்தையோ வரிசையையோ மட்டும் வைத்து மொழிக்குடும்பத்தை முடிவு செய்தால் விடை தவறிவிடும்.

ஆசிரியர்களே, 'நான் குதிரையைப் பார்த்தேன்', 'என் குதிரை' என்ற இரண்டையும் தமிழ், மலாய், பாரசீகம் என மூன்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எது எங்கே ஒத்துப்போகிறது, எது எங்கே விலகுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பாங்க. வேற்றுமை உருபு எதற்கு என்ற கேள்விக்கும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும்.