டச்சிங் பென்சிலும் கேப்டன் டிரைப்பும்

தேனி தனி மாவட்டமா பிரிஞ்சது 1996-ல. அதுக்கு முன்னாடி கம்பம், போடி, உத்தமபாளையம் எல்லாமே மதுரை மாவட்டம்தான். அந்த உரிமையில, 1858-ல மதுரையைப் படம் பிடிச்ச லின்னேயஸ் டிரைப்பை எங்க ஊர்க் கணக்குல சேர்த்துக்கறேன். மதுரைக்காரங்க சண்டைக்கு வராதீங்க :)

டிரைப் கம்பெனியோட மதராஸ் ராணுவத்துல அதிகாரி. ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்த 68 படங்களை 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். அங்க ஒரு நடுவர் குழு இருந்துச்சு. எல்லார் படத்தையும் பார்த்து, காகிதத்தில் எடுத்த காட்சிகளில் இவருடைய வரிசைதான் சிறந்ததுன்னு சொன்னாங்க. புகைப்படக்கலை உலகத்துக்கு அறிமுகமாகி அப்ப 16 வருஷம்தான் ஆகியிருந்தது. அதுக்குள்ள இங்க தரம் பார்க்கிற வேலை ஆரம்பிச்சாச்சு. பம்பாயில் 1854-லயும், கல்கத்தாவில் 1856-லயும், அதையொட்டி சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் வந்தன.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான் வருது. அதே 1855-ல பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோட டிரைப்பும் போனார். 120 படங்கள் கொண்ட தொகுப்பா அது வெளிவந்தது. அதுல அவரே ஒரு குறிப்பு சேர்த்தார். வானிலை சரியில்லை, உடம்பும் சரியில்லை, உண்மையில் வேலை செய்யக் கிடைச்சது 36 நாள்தான், மோசமா வந்ததைத் திரும்ப எடுக்க பல இடங்களில் வாய்ப்பே கிடைக்கலைங்கறது அதோட சாரம். யாரும் குறை சொல்றதுக்கு முன்னாடி தன் படத்துல குறை இருக்குன்னு அவரே எழுதி வைக்கிறார்!

1857 டிசம்பர்ல, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரா, பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களோட கிளம்பினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு பெரிய சுற்று. மதுரையில நாயக்கர் மகால், தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாம் எடுத்தார். அந்தக் கால நெகட்டிவ்ல இருந்து போட்ட படத்துல வானம் வெறும் வெள்ளையா விழும். அதனால நெகட்டிவ் மேலேயே தூரிகையால மேகம் வரைஞ்சார். 1859-ல கவர்னரா வந்த டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவுன்னு அந்த வேலையை நிறுத்திட்டார். டிரைப்பும் ஏறக்குறைய கேமராவைக் கீழே வச்சுட்டார்.

மேகம் வரைஞ்ச கதையைப் படிச்சப்ப எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு. கம்பத்துல ஸ்டுடியோ வச்சிருந்தார். கூரா சீவின பென்சிலால நெகட்டிவ்ல டச்சிங் பண்ணி அம்மைத் தழும்பை மறைக்கிறதுல கில்லாடி. "பொண்ணு நல்லா செவப்பா விழுந்திருக்கா"ன்னு வீட்டுக்காரங்க சொன்னா வேலை முடிஞ்சது. படத்துல கூர்மை இருக்கா, முகத்துல வெளிச்சம் சரியா விழுந்திருக்கான்னு கேட்க ஆள் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் கேட்க மாட்டார். தொழில்ல ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பேசக் கூடாதுங்கறது எழுதாத சட்டம். அதை மரியாதைன்னு நினைச்சிருந்தாங்க.

எண்பதுகள்ல கலர் வந்தப்ப ரோல் எல்லாம் பஸ்ஸுல மதுரை லேபுக்குப் போகும். பெரியப்பாவும் யாஷிகா இரட்டை லென்ஸ் பெட்டியை விட்டுட்டு 35 எம்எம் கேமராவுக்கு மாறினார். புதுக் கேமராவுல எடுத்த முதல் கல்யாணம். தாலி கட்டுற படம் பூராம் பாதி கறுப்பு. ஃபிலிம் மட்டம்னு பெண் வீட்டுல சொல்லிட்டு, நேரா லேபுக்குச் சண்டைக்குப் போனார், நானும் கூடப் போனேன். லேப்காரர் நெகட்டிவை விளக்குல தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, ஃபிலிம் மேல பழி போடாதீங்க. ஷட்டரை 125-ல வச்சிருக்கீங்க. இந்தக் கேமராவுல ஃப்ளாஷ் போட்டா 60-க்கு மேல போகக் கூடாது. ஃப்ளாஷ் அடிச்சப்ப திரை முழுசா திறந்திருக்கலை."

பழைய யாஷிகாவுல அந்தப் பிரச்சினை கிடையாது, அதுல எந்த வேகத்துலயும் ஃப்ளாஷ் ஒத்துழைக்கும். பெரியப்பா ஊர் வர்ற வரைக்கும் பேசலை. மறுநாள் காலையில பெண் வீட்டுக்குப் போய், "தப்பு என்னோடது, ஃபிலிமோடது இல்ல"ன்னு சொல்லிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தார். தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாதே.

அதுக்கப்புறம் மாசம் ஒருமுறை அவரே மதுரை போவார். தன் நெகட்டிவைக் காட்டி "குறை சொல்லு தம்பி"ன்னு கேட்பார். வர்றப்ப மூஞ்சி சுண்டியிருக்கும். ஆனா அடுத்த கல்யாணப் படம் நல்லா இருக்கும்.

இப்ப அந்த லேப்காரர் இடத்துல யாருமில்லை. படத்தை கேமராவோட முதுகுலயே பார்த்துடறோம், கூட இருக்கிறவர் "சூப்பர்ண்ணே"ங்கறார். போட்டிச் சலோன்கள்ல எடுத்தவர் பேர் தெரியாம மார்க் போடுற வழக்கம் இருக்கு. நம்ம ஊர் கல்யாண ஆல்பங்களையும் பேரை மறைச்சு வருஷத்துக்கு ஒருதரம் தேனியில் வரிசையா வச்சுப் பார்த்தா என்ன? வலிக்கும்தான்.

அந்த 35 எம்எம் கேமரா இப்ப என்கிட்ட இருக்கு. ஷட்டர் டயல்ல 60-க்குப் பக்கத்துல பெரியம்மாவோட நெயில் பாலிஷ்ல ஒரு சிவப்புப் பொட்டு. பெரியப்பா வச்சது.