தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம்... இப்போ ஒரு லோக்கல் ஸ்டாப்!

சென்னை பீச்சிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போற லோக்கல் ரயில்ல ஏறினா, முதல்ல வர்ற ஸ்டேஷன் ராயபுரம். தினமும் அந்த வழியா போறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும், தென்னிந்தியாவின் பயணிகள் ரயில் கதை தொடங்கியதே இங்கேதான்னு?

1853-ல் மும்பையிலும், 1854-ல் ஹவுராவிலும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்தது மெட்ராஸ். 1856 ஜூன் 28-ம் தேதி ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வைத்தவர், அப்போதைய கவர்னர் ஹாரிஸ் பிரபு. ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கி.மீ தூரத்துக்கு மக்களுக்கான ரயில் ஓடியது.

ஏன் ராயபுரம்? கோட்டை, கடற்கரை, வணிகர்கள் நிறைந்த இன்றைய ஜார்ஜ் டவுன் எல்லாமே பக்கத்தில் இருந்தன. ஆனால், 1873-ல் சென்ட்ரல், 1908-ல் எழும்பூர் என்று புது ஸ்டேஷன்கள் வந்ததும், வெளியூர் ரயில்கள் அங்கே போய்விட்டன. ராயபுரம் மெள்ள மெள்ள லோக்கல் ஸ்டேஷனாகச் சுருங்கியது.

இதிலும் ஒரு பெருமை இருக்கு. மும்பை, ஹவுராவின் முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. உயரமான தூண்களோடு நிற்கும் ராயபுரம்தான், இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைமையான ரயில் நிலையக் கட்டடம். 2005-ல் அதைப் புதுப்பித்தார்கள்.

ராயபுரத்தைத் திரும்பவும் டெர்மினலாக மாற்றணும் என்பது வடசென்னை மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. வந்தால் சந்தோஷம்தான். ஆனால், புது பிளாட்பாரத்துக்காக இந்தப் பழைய கட்டடத்தில் மட்டும் கை வைத்துவிடக் கூடாது. இடித்துவிட்டால், திரும்பக் கட்ட முடியாத வரலாறு இது!